அங்கீகரிக்கப்பட்ட படிக்கட்டு

"தானா தேஞ்சதுக்குக் குடுக்க மாட்டாங்கோ மாமு. ஒடஞ்சாத்தான் குடுப்பாங்கோ. இதுல இன்னா பிரியல உனுக்கு?"

"ஆனா ஒடையலயே."

"அதத்தான் சொல்லிக்கினுகீறேன். ஒடையலன்னா ஒடைக்கணும்."

"யாரு?"

"பின்ன நானா வருவேன் உன் வூட்டுக்கு? உன் பொண்டாட்டி, உன் பாலிசி. நீதான் பாத்துக்கணும்."

சொன்னவன் சுஃபியான். வாயைப் பிளந்துகொண்டு கேட்டவன் எழிலன். இருவரும் எண்ணூர் சாலையில் இருக்கும் பேராழி லாஜிஸ்டிக்ஸ் கண்டெய்னர் யார்டில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர்கள். யார்டு வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார்கள். ரேஷன் அட்டையில் பெயர் திருத்துவது எப்படி என்று விளக்குகிறவனைப்போலப் பொறுமையாகத்தான் சுஃபியான் பேசினான். அவனுக்கு அனுபவம் இருந்தது. அவன் மனைவி நவ்ரீனுக்கு ரம்ஜான் முடிந்த கையோடு புது முழங்கால் வைத்தாயிற்று.

"எப்டி ஒடச்ச?" என்று எழிலன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சிலிண்டரு."

"கேஸ் சிலிண்டரா?"

"காலி சிலிண்டருதான் மாமு. ரொம்புனதுன்னா பாவம் இல்லியா?"

எழிலனின் மனைவி யசோதராவுக்குத் தேய்ந்திருந்தது இடது இடுப்பு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. தண்டையார்பேட்டைத் துணிக் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் நின்றுகொண்டே சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள் அவள். இப்போது பாத்ரூமுக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். இடுப்புப் பந்துக்கு ரத்தம் போகவில்லை என்றார் டாக்டர். படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பூச்சி அரித்த கொய்யாக்காய் மாதிரி இருந்தது. தீபாவளிக்குள் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பந்து நொறுங்கிக் கால் குட்டையாகிவிடும், பிறகு மாற்றினாலும் நடை திரும்பாது என்றார். செலவு மூன்றரை லட்சம். அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்தபோது முறை வரப் பதினான்கு மாதம் ஆகும் என்றார்கள்.

போன வருடம் இந்த இடுப்பு தேய்ந்திருந்தால் தொல்லையே இல்லை. அப்போது எழிலன் இ.எஸ்.ஐ.யில் இருந்தான், மனைவிக்கும் அதிலேயே வைத்தியம் நடந்திருக்கும். ஆனால் கம்பெனி அவனைச் சிறந்த ஓட்டுநர் என்று மேடையேற்றி, முந்நூற்று நாற்பது ரூபாய் சம்பளம் ஏற்றிக் கொடுத்துவிட்டது. சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பை நூற்றுப்பத்து ரூபாயில் தாண்டியது. அது தெரியாமல் எழிலன் ஒரு கிலோ லட்டு வாங்கி யார்டு முழுக்கக் கொடுத்தான். டைம் ஆபீஸ் குமாஸ்தா மட்டும் லட்டை வாயில் போடாமல், சாவு வீட்டில் பிடிப்பதுபோல அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

வரம்பைத் தாண்டியவர்களுக்குக் கம்பெனி வேறு காப்பீடு வைத்திருந்தது. நிழற்குடை ஹெல்த் என்று பெயர். பணியாளருக்கு இலவசம். மனைவியைச் சேர்க்கத் தனியாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். சித்திரையில் அந்தப் பிடித்தம் இரண்டு மடங்காயிற்று. ஆடியில் அதுவும் இரண்டு மடங்காயிற்று. ஏன் என்று விளக்க, மனிதவள மேலாளர் ஜெமிமா மேடம் எல்லோரையும் கேண்டீனில் கூட்டினார்.

ஜெமிமா மேடம் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒருவனை வேலையைவிட்டு நீக்கும்போதும் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊட்டும் குரல்தான்.

"நண்பர்களே, நம்முடைய காப்பீட்டுத் திட்டம் மிகச் சிறந்த திட்டம். அதில் ஒரே ஒரு குறைதான். அதைச் சிலர் பயன்படுத்திவிடுகிறார்கள்" என்று ஆரம்பித்தார். பின்னால் திரையில் ஒரு சிவப்புக் கோடு மாடிப்படி மாதிரி ஏறிப்போனது. "இது உங்கள் மனைவிகள். சென்ற ஆண்டு எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நோய்வாய்ப்பட்டிருக்கிறார்கள். யாரையும் பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் திருவொற்றியூரில் ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டு உறுப்புகளை உபயோகித்திருக்கிறார். திருமணம் உங்கள் சொந்த விஷயம். வேலைக்குச் சேரும்போது மனைவி இருக்கிறாரா என்று கேட்டோமே தவிர, இருக்க வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தவில்லை."

கண்டெய்னர்களை இரும்புக் கம்பியால் கட்டும் அர்ஜுன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிக்குச் சிசேரியன் முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. "ஏ இன்னா, ஒறுப்பு கிறுப்புன்னுகினு" என்று எழுந்தவன், உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி எறிந்தான். அது சிவப்புக் கோட்டின் உச்சியில் போய் அடித்துத் திரையைக் கிழித்தது. நான்கு செக்யூரிட்டிகள் அவனைக் கீழே தள்ளி முழங்காலால் அழுத்தினார்கள். மூக்கு உடைந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. எழிலனின் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பல் வந்து நின்றது.

ஜெமிமா மேடம் அதே குரலில் தொடர்ந்தார்.

"இதோ பாருங்கள். இப்போது அர்ஜுனுக்கு நேர்ந்திருப்பது விபத்து. பணியாளர், பணி நேரம், பணியிடம். அவருக்கு ஒரு ரூபாய் செலவில்லை. நம் திட்டம் எவ்வளவு அக்கறையானது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?"

அவரே முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தரையில் கிடந்தபடி அர்ஜுனும் இரண்டு தட்டு தட்டினான்.

மறுவாரம் எழிலனின் விண்ணப்பத்துக்கு நிழற்குடையிலிருந்து பதில் கடிதம் வந்தது. 'தங்கள் மனைவியின் இடுப்பு இயற்கையாகத் தேய்ந்துள்ளது. இயற்கையாக ஏற்படும் மூட்டுத் தேய்மானம் நான்கு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகே பரிசீலிக்கப்படும். எனினும், விபத்தினால் ஏற்படும் மூட்டு மாற்றத்துக்கு முதல் நாளிலிருந்தே முழுத்தொகையும் வழங்கப்படும். நலமுடன் வாழ வாழ்த்துகிறோம்.' இந்தக் கடிதத்துக்குத்தான் சுஃபியான் டீக்கடையில் பொழிப்புரை சொன்னது.

எழிலன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் சமையல்கட்டில் சிலிண்டரைப் பார்ப்பதும் வெளியே வந்துவிடுவதுமாக இருந்தான்.

மற்றவர்கள் அவனைப்போலக் காத்திருக்கவில்லை. அந்த ஆவணி மாதம் யார்டுக்காரர்களின் மனைவிகளுக்கு ஆகாத மாதமாகப் போயிற்று. தண்டையார்பேட்டையில் ஒருத்தி பரண்மேலிருந்து விழுந்தாள். கொருக்குப்பேட்டையில் ஒருத்தியின் கையில் அம்மி விழுந்தது, சொல்லிவைத்தாற்போல டாக்டர் குறித்துக் கொடுத்த மணிக்கட்டிலேயே. ராயபுரத்து ஃப்ளோராவுக்குத் தோள்பட்டை மாற்ற வேண்டியிருந்தது. அவள் புருஷன் மச்சான் வீட்டிலிருந்து படகுத் துடுப்பை வாங்கி வந்து ஓங்கினான். ஓங்கியவன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் அடித்தான். ஃப்ளோராவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. துடுப்பைப் பிடுங்கி, "இன்னாய்யா, ஒரு அடி ஒழுங்கா அடிக்கத் தெரியுதா உனுக்கு?" என்று அவன் விலாவிலே ஒன்று வைத்தாள். இரண்டு எலும்பு போயிற்று. அவன் பணியாளர் என்பதால் அது இலவசம். துடுப்பைச் சுழற்றிய வேகத்தில் அவளுடைய தோள் கழன்றுவிட்டதால் அதுவும் விபத்தாக ஏற்கப்பட்டது. இருவருக்கும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் நிழற்குடை ஹெல்த் சுற்றறிக்கை அனுப்பியது. 'வீடுகளில் நிகழும் விபத்துகளின் தரம் சீராக இல்லை. வாடிக்கையாளர்களின் வசதிக்காகத் தண்டையார்பேட்டையில் விபத்து மெய்ப்பிப்பு மையம் திறக்கப்பட்டுள்ளது. இனி மையத்தில் நிகழும் விபத்துகள் மட்டுமே ஏற்கப்படும்.'

சுஃபியான் அதைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினான். "நான் சொன்னப்பவே முடிச்சிருக்கலாம்ல? இப்ப பாரு, லைன்ல நிக்கணும்."

அன்று சாயங்காலம்தான் எழிலன் யசோதராவிடம் வாய் திறந்தான். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலை நீட்டிப்போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, மூஞ்சி செத்த மீனாட்டம் கீது?"

அவன் கடிதத்திலிருந்து சுற்றறிக்கைவரை எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

"நீ? என்னத் தள்ளப்போறியா? கரப்பான் வந்தா கட்டில்மேல ஏறிக்கினு என்னக் கூப்புடுற ஆளு நீ."

"வேணாம் யசோ. வேற எதுனா பாக்கலாம்."

"இன்னா பாப்ப? நான் பல்லக் கடிச்சிக்கினு கெடக்கறதும், நீ தூங்குறாப்புல படுத்துக்கினு அதக் கேக்கறதும். இன்னும் எத்தினி மாசம்?"

தான் விழித்திருப்பது அவளுக்குத் தெரியும் என்று எழிலனுக்கு அதுவரை தெரியாது. அவன் கீரைக் காம்புகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகக் குவித்தான்.

"போலாம்" என்றாள் அவள். "ஆனா அங்க வந்து அழுவக்கூடாது. அழுதின்னா நான் எறங்கி வந்துடுவேன்."

மையம் ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கிய கிடங்கு. வெள்ளையடித்து, குளிர்சாதனம் போட்டு, சிரிக்கும் தம்பதிகளின் படங்களை மாட்டியிருந்தும் மிளகாய் நெடி மட்டும் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிமெண்டுப் படிக்கட்டு ஒன்று எங்கும் போகாமல் அந்தரத்தில் நின்றது. பதினான்கு படிகள், கைப்பிடி இல்லை. மேலே ஒரு சின்னத் தளம். கீழே ஸ்ட்ரெச்சரின் மேல் இரண்டு ஊழியர்கள் உட்கார்ந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

டோக்கன் கொடுத்தார்கள். படிவம் கொடுத்தார்கள். 'நான் ........ , என் மனைவி ........ அவர்களை எந்த நோக்கமும் இன்றி, சற்றும் எதிர்பாராத விதமாக, இன்று .... மணிக்குத் தள்ளிவிடுவேன் என உறுதியளிக்கிறேன்.' மூன்று பிரதிகள். எழிலன் பதினொன்றேகால் என்று எழுதினான். கவுண்டரில் இருந்தவள் அதை அடித்துப் பன்னிரண்டு பத்து என்று திருத்தினாள். அதற்கு முன்னால் மூன்று பேருடைய எதிர்பாராத விபத்துகள் இருந்தன.

வரிசையில் இருபத்திரண்டாம் டோக்கன்காரன் இருபத்தோராம் டோக்கன்காரனைத் தாண்டி நின்றான் என்று சண்டை வந்தது. "யோவ், என் பொண்டாட்டிக்கு மொதல்ல ஆவட்டும்யா, பிள்ள ஸ்கூல் உட்டு வந்துடும்" என்று ஒருவன் கெஞ்சினான். "உன் பொண்டாட்டி மட்டுந்தான் பொண்டாட்டியா, சோமாறி" என்று மற்றவன் சட்டையைப் பிடித்தான். கெஞ்சியவன் அவன் காதைக் கடித்துவிட்டான். ரத்தம் சட்டைக் காலரை நனைத்துக் கீழே சொட்டியது. இரண்டு மனைவிகளும் நொண்டிக்கொண்டே வந்து புருஷர்களைப் பிய்த்து எடுத்தார்கள். செக்யூரிட்டி நாற்காலியைவிட்டு எழவில்லை. படிக்கட்டுக்கு வெளியே ஏற்படும் காயங்களுக்கு மையம் பொறுப்பல்ல என்று அவர் தலைக்குமேலேயே பலகை இருந்தது. காதின் துண்டை ஒருத்தி டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து, மேலே ஈரக் கைக்குட்டையைப் போட்டு மூடினாள்.

சத்தம் அடங்கியதும் விபத்து மெய்ப்பிப்பு அலுவலர் கிருஷ்ணப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். ஒவ்வொரு குழுவுக்கும் அவர் ஒரு சிற்றுரை ஆற்றுவது வழக்கம்.

"எங்களை இரக்கமில்லாதவர்கள் என்று வெளியே பேசுகிறார்கள். மனது கஷ்டமாக இருக்கிறது. இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் இந்தப் படியில் விழுந்திருக்கிறார்கள். ஒருவர் விழும்போதாவது நான் சிரித்ததுண்டா என்று இந்த ஊழியர்களைக் கேளுங்கள். நானும் குடும்பஸ்தன்தான். என் மனைவி அதிகாரிகளுக்கான திட்டத்தில் இருக்கிறாள். அதில் படிக்கட்டு கிடையாது. அதனால்தான் உங்கள் கஷ்டம் எனக்குத் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது. விதி ஒன்றுதான். வேண்டுமென்றே செய்த காயத்துக்குப் பணம் இல்லை. தள்ளுங்கள், ஆனால் நோக்கத்தோடு தள்ளாதீர்கள். நன்றி."

எழிலனுக்கு முன்னால் கிரேன் ஓட்டும் மதார் சாகிப்பும் அவர் மனைவி மலிகாவும். மலிகாவுக்கு இடது முழங்கால். மதார் சாகிப் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஈயை விரட்டுகிறவரைப்போலக் கையை வீசினார். மலிகா விழுந்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு சத்தம் கேட்டது. எழிலன் தன்னையறியாமல் பதினான்குவரை எண்ணினான். பாதி வழியிலேயே நெற்றி பிளந்தது. ஊழியர்கள் செல்போனை வைத்துவிட்டு அங்கேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். கிருஷ்ணப்பன் படத்தைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார்.

"வலது கை உடைந்திருக்கிறது. நீங்கள் விண்ணப்பித்தது இடது முழங்கால்."

"கையி ஒடஞ்சிருச்சே சார், அதுக்குனா குடுங்க" என்றார் மதார் சாகிப்.

"விண்ணப்பிக்காத காயத்துக்கு எப்படித் தர முடியும்?"

"அப்ப இன்னொரு தபா ஏத்தட்டுமா?"

"இப்போது முடியாது பாய். கை உடைந்தவர் ஆகிவிட்டார். ஏற்கெனவே காயம் இருப்பவர்களை நாங்கள் படியேற்றுவதில்லை. அவர்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்."

மதார் சாகிப் மனைவியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் திரும்பி, மறந்துவிட்டவர்போலக் கிருஷ்ணப்பனுக்கு ஒரு சலாம் வைத்தார்.

விசில் ஒலித்தது. எழிலனும் யசோதராவும் ஏறினார்கள். விழுவதற்குத்தான் படிக்கட்டு கட்டியிருந்தார்களே தவிர, ஏறுவதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு படிக்கும் அவள் நின்று மூச்சு வாங்கினாள். அவன் தோளை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கிருஷ்ணப்பன் பக்கவாட்டு இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறிவந்து, தளத்தில் வரைந்திருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், விளிம்பிலிருந்து தள்ளி நின்றுகொண்டார்.

"முகத்தைக் காமிராவுக்குக் காட்டுங்கள் அம்மா. ம், தள்ளலாம்."

எழிலன் கையை நீட்டினான்.

"நிறுத்துங்கள். முகத்தில் நோக்கம் தெரிகிறது. மூன்றில் ஒரு வாய்ப்பு போயிற்று. வேறு எதையாவது நினையுங்கள்."

எழிலன் முந்தின நாள் இறக்கிய கண்டெய்னர்களின் நம்பரை நினைத்தான். ஆறாவது நம்பரில் அவன் விரல் அவள் முதுகைத் தொட்டது. ரவிக்கை வியர்வையில் ஊறியிருந்தது. எலும்பு தெரிந்தது. அந்தத் தொடுதலுக்கே அவள் காலில் வலுவில்லாமல் தடுமாறி முன்னால் சாய்ந்தாள். எழிலன் பாய்ந்து இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்துவிட்டான்.

கிருஷ்ணப்பன் விசிலை நீளமாக ஊதினார். "என்ன செய்கிறீர்கள்? விழுகிறவரைப் பிடிப்பது விபத்துத் தடுப்பு. அது வேறு துறை. எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. மூன்றாவதும் தவறினால் கோப்பை மூடிவிடுவோம். அடுத்த புரட்டாசிக்குத்தான் வர முடியும்."

அழக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் எழிலன் கூரையைப் பார்த்தான்.

"யசோ, வா, எறங்கிடலாம்."

"எறங்கி? அடுத்த வருஷம் எந்தக் காலோட ஏறுவேன்?"

யசோதரா கீழே பார்த்தாள். ஓர் ஊழியர் மலிகாவின் ரத்தத்தை ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். வழுக்கும் என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை ஒன்றையும் கையில் கொண்டுவந்திருந்தார். அவர் அதை நான்காவது படியில் வைத்துவிட்டு, கோணலாக இருப்பதாகப்பட்டதோ என்னவோ, சரிசெய்துவிட்டு இறங்கினார். யசோதரா அவரையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழிலனின் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"யோவ். கைய முன்னால நீட்டு. எறக்காம அப்டியே வச்சிக்கோ."

அவன் நீட்டினான். எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் அப்போது எந்த நோக்கமும் இல்லை.

அவள் காலை இழுத்து இழுத்துத் தளத்தின் ஓரத்திலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓர் ஆள் நிற்பதற்கு இடம் விட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்.

"சார், எனுக்கு எங்க நிக்கணும்னே பிரியல. கோவிச்சுக்காம, கொஞ்சம் இந்தக் கோட்டத் தாண்டி வந்து, ஒருவாட்டி நின்னு காட்டுங்களேன்."